ஜாக் ரஸ்ஸல், 11 மாதம்: தினம் இரண்டு மணி நேரம் நடத்தியும் அடங்கவில்லை. என்ன செய்வது?

மூணாவதுமாடி | ஞாயிறு, இரவு 9:42

வணக்கம். மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு. நானும் அம்மாவும்தான். ஏழு மாதம் முன்பு ஒரு ஜாக் ரஸ்ஸல் டெரியர் குட்டி வாங்கினேன். பெண். உடம்பெல்லாம் வெள்ளை, இடது காதிலும் முதுகிலும் மட்டும் கறுப்பு. அம்மா பார்த்ததுமே "வெண்பொங்கல் மாதிரி இருக்கு" என்றார். அப்படித்தான் மிளகு என்று பெயர் வந்தது.

விற்றவர், "சின்ன சைஸ் மேடம், ஆறு கிலோவுக்கு மேல போகாது, ஃபிளாட்டுக்குன்னே செஞ்ச நாய்" என்றார். நானும் எடையை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இதுவரை போனவை: சோபாவின் ஒரு கை, இரண்டு சார்ஜர், பூஜை அலமாரிக் கதவின் கீழ் மூலை, பால்கனியில் இருந்த துளசித் தொட்டி. துளசியைத் தொடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண்ணை மட்டும் முழுக்க வாரி ஹாலில் போட்டிருந்தாள். செடி வேரோடு ஓரமாகப் பத்திரமாகக் கிடந்தது.

காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் நடத்துகிறேன். சனி ஞாயிறு மைதானத்தில் பந்து எறிகிறேன். போன வாரம் எண்ணிப் பார்த்தேன், 94 முறை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "அப்புறம்?" என்று என்னைப் பார்க்கிறாள். படுத்துவிடுவது நான்தான்.

இரவு எட்டு மணியானால் பேய் பிடித்த மாதிரி கட்டிலுக்கும் சோபாவுக்கும் ஓட்டம், நடுவில் யார் கணுக்கால் வந்தாலும் ஒரு கடி. அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை இருக்கிறது. காலில் பல் பட்டால் ஆற நாளாகிறது. லிஃப்ட் நின்றால் குரைப்பு, காலிங் பெல் அடித்தால் இன்னும் குரைப்பு. எதிர் வீட்டில் இரண்டு தரம் சொல்லிவிட்டார்கள்.

நேற்று அம்மா சொன்னார்: "ஒண்ணு அதை யார்கிட்டயாவது குடு, இல்ல என்னை உங்க அண்ணன் வீட்ல கொண்டு விடு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் முழுக்கச் சிரிப்பு இல்லை.

எந்த வயதில் இது அடங்கும்? அதுவரை நான் தாங்குவேனா?

சும்மாவந்தவன் | ஞாயிறு, இரவு 9:58

அது ஆறு கிலோ நாய் இல்லைங்க. ஆறு கிலோ பேட்டரி. வால் மட்டும் இலவசம்.

நாட்டுநாய்_நண்பன் | ஞாயிறு, இரவு 10:20

கோபித்துக்கொள்ளாதீர்கள் சகோதரி. குளிர் தேசத்து நாயை வாங்கிச் சென்னை வெயிலில் மூன்றாவது மாடியில் வைத்துவிட்டு அது அடங்கவில்லை என்றால் எப்படி? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம்மிடமே இத்தனை இருக்கின்றன. இந்த வெயிலுக்கே பிறந்தவை. ரீல்ஸ் பார்த்து வெளிநாட்டு நாய் வாங்குவதை முதலில் நிறுத்த வேண்டும்.

சிங்காநல்லூர் | ஞாயிறு, இரவு 10:51

நண்பரே, நாட்டு நாய் மேல் எனக்கும் மரியாதை உண்டு. என் மாமனார் வீட்டில் கன்னி இருக்கிறது. அதை ஒரு ஃபிளாட்டில் அடைத்தால் சோபா மட்டுமா போகும்? முயல் ஓட்டப் பழகிய நாய் அது. இங்கே பிரச்சினை பிறந்த நாடு இல்லை. வேலைக்கு என்று வளர்க்கப்பட்ட நாயைப் பொம்மை என்று சொல்லி விற்கிறார்கள், அதுதான் பிரச்சினை. வாங்கியாகிவிட்டது. இனி ஆக வேண்டியதைப் பேசுவோம்.

மூணாவதுமாடி அவர்களுக்கு: எங்கள் வீட்டில் இருப்பது ஒன்பது வயது ஜாக் ரஸ்ஸல், ஆண். முதல் இரண்டு வருடம் நான் பட்டதை எழுதினால் இந்தத் தளம் தாங்காது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். மிளகு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறாள்?

மூணாவதுமாடி | ஞாயிறு, இரவு 11:05

இரவு ஆறு மணி நேரம் இருக்கும். பகலில் நான் ஆபீஸ். அம்மா சொல்வதைப் பார்த்தால் பத்து நிமிடம் கண்ணை மூடுவாள், குக்கர் விசில் அடித்தால் எழுந்துவிடுவாள், மறுபடி பத்து நிமிடம்.

சிங்காநல்லூர் | ஞாயிறு, இரவு 11:34

நினைத்தேன். வளர்ந்த நாயே ஒரு நாளில் 12, 14 மணி நேரம் தூங்கும். இவளுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே வேண்டும். எட்டு மணிப் பேயாட்டம் மிச்சமிருக்கும் தெம்பு இல்லை, தூக்கம் கெட்ட குழந்தையின் அழுகை அது. கல்யாண வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு மண்டபத்தைச் சுற்றி ஓடும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

நானும் உங்கள் தவறைத்தான் செய்தேன். ஒரு மணி நேரம் நடத்தினேன், போதவில்லை. ஒன்றரை ஆக்கினேன், அதுவும் போதவில்லை. ஒருவர் பேச்சைக் கேட்டுச் சைக்கிள் பக்கத்தில் ஓடவிட்டேன். மூன்று மாதத்தில் என்னிடம் இருந்தது அடங்கிய நாய் இல்லை, மாரத்தான் வீரன். தினம் ஓடினால் நமக்கே மூச்சு பிடிபட்டுவிடும், அதற்குப் பிடிபடாதா?

பந்தைக் குறையுங்கள். 94 முறை எறிந்தால் 94 முறை வெறியேற்றி அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம். கண்ணுக்கும் காலுக்கும் இருக்கிற வேலையை மூக்குக்கு மாற்றுங்கள். எப்படி என்று நாளை எழுதுகிறேன், மனைவி விளக்கை அணைக்கச் சொல்கிறார்.

எக்ஸிட்டர்வாசி | திங்கள், அதிகாலை 3:12

(இங்கே இரவுதான்.) நான் இருப்பது இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில். இந்த நாய் பிறந்த ஊர்ப்பக்கம். அதனால் ஒரு கதை.

ஜாக் ரஸ்ஸல் என்பது ஒரு பாதிரியாரின் பெயர். 1795இல் பிறந்தவர், 1883இல் இறந்தார். நரி வேட்டையில் பைத்தியம். 1819இல் ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தபோது வழியில் ஒரு பால்காரரிடம் ஒரு பெட்டை டெரியரைப் பார்த்து அங்கேயே வாங்கிவிட்டார். அதன் பெயர் டிரம்ப். (சிரிக்காதீர்கள், பெயர் அதுதான்.) அதிலிருந்துதான் இந்த வம்சம் தொடங்கியது என்பார்கள். அவர் பணியாற்றிய ஸ்விம்பிரிட்ஜ் கிராமம் என் வீட்டிலிருந்து காரில் போகும் தூரம்தான். தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது, பக்கத்திலேயே அவர் பெயரில் ஒரு மதுக்கடையும்.

இந்த நாய்க்கு இருந்த வேலை என்ன? வேட்டை நாய்கள் துரத்தியதும் நரி பொந்துக்குள் புகுந்துவிடும். பெரிய நாய் நுழைய முடியாது. அப்போது இதை உள்ளே விடுவார்கள். தோண்டிக்கொண்டு போய், இருட்டில் நரியோடு முகத்துக்கு முகம் நின்று, கொல்லாமல், விடாமல் குரைக்க வேண்டும். ஒன்று நரி வெளியே ஓட வேண்டும், அல்லது மேலே நிற்பவர்கள் அந்தக் குரைப்பைக் கேட்டு எந்த இடத்தில் மண்வெட்டி போடலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். டெரியர் என்ற சொல்லே மண் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வெள்ளை நிறமும் காரணத்தோடுதான்: பொந்திலிருந்து செம்மண் பூசி வெளியே வருவது நரியா நாயா என்று குழம்பி மற்ற நாய்கள் மேலே பாயக் கூடாது.

இங்கே பழைய பண்ணைக்காரர்கள் இன்றும் குட்டி வாங்கும்போது முன்னங்காலுக்குப் பின்னால் மார்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துப் பார்ப்பார்கள். விரல் நுனிகள் தொட்டுக்கொண்டால் பொந்துக்குள் போகும் என்று கணக்கு.

ஆக உங்கள் துளசித் தொட்டி, குரைப்பு, சொன்ன பேச்சு கேட்காமை எல்லாமே அந்த வேலைக்கான தகுதிகள். மண்ணுக்கடியில் எஜமான் குரல் எங்கே கேட்கும்? அங்கே அதுதான் முடிவெடுக்க வேண்டும். இன்றும் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது, உங்கள் ஹாலில்.

சும்மாவந்தவன் | திங்கள், காலை 7:03

எச்.எம்.வி. இசைத்தட்டில் குழாய் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே, அதுவும் இந்த ஜாதிதானா?

எக்ஸிட்டர்வாசி | திங்கள், மதியம் 1:40

டெரியர் கலப்பு. ஜாக் ரஸ்ஸல் என்பாரும் உண்டு, ஃபாக்ஸ் டெரியர் என்பாரும் உண்டு. பெயர் நிப்பர். 1884இல் பிரிஸ்டலில் பிறந்தது. வீட்டுக்கு வருகிறவர்களின் கெண்டைக்காலைக் கவ்வும் பழக்கத்தால் அந்தப் பெயர் வந்ததாம். அம்மாவிடம் சொல்லுங்கள், கணுக்கால் பிரச்சினைக்கு 140 வருடச் சரித்திரம் இருக்கிறது.

சிங்காநல்லூர் | திங்கள், இரவு 8:15

சொன்னபடி எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

முதலில் சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் பரணில் போடுங்கள். டெரியருக்குத் தட்டில் சோறு வைப்பது வேலைக்காரனுக்கு வேலை கொடுக்காமல் சம்பளம் மட்டும் கொடுக்கிற மாதிரி. மிளகுக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு டிரை ஃபுட் போடுகிறீர்களோ அதை அப்படியே ஒரு பழைய சாக்கில் கொட்டி, சாக்கைச் சுருட்டி, முடிச்சு போடாமல் மடித்து வையுங்கள். எங்கள் வீட்டில் 25 கிலோ அரிசி வந்த சணல் சாக்கு. நான் முதல் நாள் வைத்தபோது ஐந்து நிமிடம் மோந்து, தள்ளி, உள்ளே தலையை விட்டு, சாக்கோடு நடந்து சுவரில் முட்டி, 20 நிமிடம் கழித்து வெளியே வந்தான். வந்து படுத்தான். படுத்தான் ஐயா! ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து படுக்காத நாய். (நூல் பிரிந்து தொங்கினால் வெட்டிவிடுங்கள். முதல் சில நாள் கூடவே இருங்கள், சாக்கைத் தின்கிற நாயும் உண்டு.)

தோண்டுவதைத் தடுக்க முடியாது, இடம் கொடுக்கலாம். ஒரு அகலமான பிளாஸ்டிக் டப், அரை அளவு மணல். பால்கனி ஓரத்தில் வையுங்கள். அவள் கண் முன்னாலேயே ஒரு பொம்மையைப் புதையுங்கள். இரண்டு நாளில் அது அவள் நிலம் என்று புரிந்துவிடும். வீடு பெருக்குவது உங்கள் தலைவிதி, அதற்கு வழி இல்லை.

பால்கனி என்றதும் இதையும் சொல்ல வேண்டும். கைப்பிடிச் சுவர் பக்கத்தில் ஸ்டூல், வாஷிங் மெஷின், தொட்டி எதுவும் இருக்கக் கூடாது. என் நாய் நாலடி மதில் மேல் நின்ற இடத்திலிருந்தே ஏறுவான். மூன்றாவது மாடியில் புறாவைப் பார்த்துப் பாய்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தே பார்க்காதீர்கள். வலை அடித்துவிடுங்கள்.

அடுத்தது தூக்கம். மதியம் இரண்டு மணி நேரம், ஒரு அறையில், திரையை இழுத்துவிட்டு, மின்விசிறி போட்டு, ஆள் இல்லாமல். முதல் வாரம் கத்துவாள். கதவுக்கு இந்தப் பக்கம் அம்மாவை உட்காரச் சொல்லுங்கள், பேச வேண்டாம். தண்டனையாக இல்லை, பழக்கமாக. இரவு எட்டு மணி ஆட்டத்துக்கு முன்னால், ஏழரைக்கே, கடிக்க ஏதாவது கொடுத்து அதே அறையில் விடுங்கள்.

நடையை நிறுத்த வேண்டாம். நடத்தும் விதத்தை மாற்றுங்கள். ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு போவதைவிட 30 நிமிடம் அவள் போக்கில் விடுங்கள். ஒரு விளக்குக் கம்பத்தை மூன்று நிமிடம் மோந்தால் மோந்துகொள்ளட்டும். நமக்குக் காலைப் பேப்பர் மாதிரி அது.

ஆல்ஃபா_அப்பா | திங்கள், இரவு 9:02

இதெல்லாம் செல்லம் கொடுக்கும் வேலை. கடித்தால் பேப்பரைச் சுருட்டி மூக்கில் ஒன்று வையுங்கள். யார் எஜமான் என்று புரிய வேண்டும். எங்கள் லாப்ரடோர் ஒரே வாரத்தில் அடங்கியது.

சிங்காநல்லூர் | திங்கள், இரவு 9:10

லாப்ரடோர் அடங்கும். இது நரியோடு நின்ற ஜாதி. அடித்தால் விளையாட்டு என்று நினைக்கும், இல்லை திருப்பிக் கடிக்கும். எனக்குத் தையல் போட்ட கை இருக்கிறது, காட்டவா?

வேப்பேரி_இறுதியாண்டு | செவ்வாய், மாலை 6:25

கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். அக்கா, சிங்காநல்லூர் சார் சொன்ன எல்லாவற்றுக்கும் என் ஓட்டு. மருத்துவப் பக்கம் சில சேர்க்கிறேன்.

வெயில்: இந்த நாய்க்கு முடி குட்டைதான், ஆனால் தானாக நிற்கத் தெரியாது. பந்து போட்டால் மயங்கும் வரை ஓடும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிடுங்கள். மாலையில் புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அவளாலும் முடியாது. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கொழகொழவென்று வழிந்து, தள்ளாடினால் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறி போட்டு, உடனே மருத்துவமனை.

சாப்பாடு: அம்மாக்கள் சாம்பார் சாதம் பிசைந்து வைப்பார்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்துக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் போடும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆறு கிலோ உடம்புக்குக் கொஞ்சமே போதும். சாக்லேட்டும் கூடாது. வேகவைத்த கோழி எலும்பு குத்தூசி மாதிரி உடையும்.

கால்: ஓடும்போது ஒரு பின்னங்காலைத் தூக்கி நாலு எட்டு துள்ளிவிட்டு மறுபடி சாதாரணமாக ஓடுகிறாளா? நிறையப் பேர் அதை அழகு என்று வீடியோ எடுக்கிறார்கள். முழங்காலின் சிப்பி எலும்பு இடம் நழுவுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், காட்டுங்கள். கண் திடீரென்று சிவந்து, மூடிமூடித் திறந்தால் அன்றைக்கே காட்டுங்கள். டெரியர் வகைகளில் கண்ணின் லென்ஸ் இடம் நழுவுவது உண்டு, காத்திருந்தால் பார்வை போகும்.

உண்ணி: நம் ஊரில் டெரியருக்குப் பெரிய எதிரி இதுதான். ரத்தம் குடித்துக் கீழே விழுந்த உண்ணி சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து போட்டுவிட்டு வீட்டு இடுக்கை விட்டால் பயனில்லை. காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் தினமும் தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சலின் முதல் அறிகுறி பெரும்பாலும் சோர்வுதான். அதனால் ஜாக் ரஸ்ஸல் திடீரென்று சமத்தாகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

மூணாவதுமாடி | செவ்வாய், இரவு 10:12

கடைசி வரியைப் படித்துவிட்டு அம்மா, "அப்போ இது ஆடறது நல்லதுக்குத்தானா" என்கிறார்.

சாக்கு வைத்தோம். 14 நிமிடம். அப்புறம் சாக்கின் மேலேயே குறட்டை. அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், பேசாமல், வாயில் விரல் வைத்து.

பிளாக்_சி_செயலர் | புதன், காலை 8:30

குடியிருப்பு நலச் சங்கத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எதிர் வீட்டார் புகார் கொடுத்தாலும் நாயை வைக்கக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட முடியாது, லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும்: மாநகராட்சி உரிமம், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று, மைக்ரோசிப், பொது இடத்தில் கயிறு, மலம் அள்ளப் பை. சட்டத்தைக் காட்டுவதைவிட எதிர் வீட்டுக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டு போய், "பழக்கிக்கொண்டிருக்கிறோம், ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பது வேகமாக வேலை செய்யும்.

மூணாவதுமாடி | சனி, இரவு 11:20

அவசரம். யாராவது விழித்திருக்கிறீர்களா?

இரவு கீழே கூட்டிப்போனேன். பார்க்கிங்கில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் மூக்கை விட்டாள். ஒரு நொடிதான். கயிறு கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. திரும்பி வரும்போது வாயில் பெருச்சாளி. அவள் தலையைவிடப் பெரியது. பிடரியில் கவ்வி இரண்டு உதறு, முடிந்துவிட்டது. சத்தமே இல்லை. நான்தான் கத்தினேன். வாட்ச்மேன் வந்து, "நம்ம மிளகா இது?" என்கிறார்.

இப்போது அவள் மேலுதட்டில் ஒரு கடிக்காயம், ரத்தம் கொஞ்சம். நான் என்ன செய்ய வேண்டும்?

வேப்பேரி_இறுதியாண்டு | சனி, இரவு 11:31

அக்கா, பதற வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளுங்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். அம்மாவை இன்று அவளைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்று கேள்விகள். பெருச்சாளியைத் தின்றாளா? உங்கள் குடியிருப்பில் எலி மருந்து வைத்திருக்கிறார்களா? அவளுக்கு எலிக்காய்ச்சல் சேர்ந்த தடுப்பூசி போட்டு எத்தனை மாதம்?

மூணாவதுமாடி | சனி, இரவு 11:44

தின்னவில்லை, கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். பாராட்டுக்குக் காத்திருந்த மாதிரி. தடுப்பூசி அட்டையில் ஏழு எண்ணம் சேர்ந்தது இரண்டு டோஸ், கடைசி டோஸ் ஏழு மாதம் முன்பு. எலி மருந்து பற்றி வாட்ச்மேனிடம் கேட்டேன். போன வாரம் விஷக் கட்டி வைத்தார்களாம். டப்பாவைத் தேடி எடுத்தார், புரோமாடியோலோன் என்று போட்டிருக்கிறது.

வேப்பேரி_இறுதியாண்டு | சனி, இரவு 11:52

டப்பாவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் அதுதான் முதல் கேள்வி. இது ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. மருந்து தின்ற எலியைக் கவ்வியதால் மட்டும் பெரிய ஆபத்து வராது, ஆனால் கட்டியை அவளே தின்றிருந்தால் வரும். இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தெரியாது, அப்புறம்தான் ஈறிலும் மலத்திலும் ரத்தம் வரும். மாற்று மருந்து இருக்கிறது, வைட்டமின் கே1. அதனால் நாளைக் காலையே காட்டுங்கள்.

இன்னொன்று எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரிலிருந்து நாய்க்கு வரும், நாயின் சிறுநீரிலிருந்து நமக்கும் வரலாம். தடுப்பூசி இருப்பது நல்லது, ஆனால் அது எல்லா வகைக் கிருமிக்கும் காப்பு ஆகாது. இரண்டு வாரம் கவனியுங்கள்: காய்ச்சல், வாந்தி, சாப்பிடாமை, கண் வெள்ளை மஞ்சளாவது. வீட்டில் சிறுநீர் கழித்தால் அம்மா வெறுங்காலோடு அந்தப் பக்கம் போக வேண்டாம், சர்க்கரைக்காரர் காலில் வெடிப்பு இருக்கும்.

சும்மாவந்தவன் | ஞாயிறு, காலை 6:50

மாநகராட்சி சம்பளம் கொடுக்கலாம் போலிருக்கிறதே.

சிங்காநல்லூர் | ஞாயிறு, காலை 7:15

சிரிப்பு ஒரு பக்கம். இனி கழுத்துப்பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றிப் போடும் பட்டை வாங்குங்கள். கயிற்றின் வளையத்தை மணிக்கட்டில் மாட்டி, அப்புறம் கையில் பிடியுங்கள். ஜெனரேட்டர் அறைப் பக்கம் போகவே போகாதீர்கள், அவள் அந்த இடத்தை ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். என்னுடையவன் மூன்று வருடம் முன்பு ஓணான் பார்த்த வேலியை இன்றும் தினம் விசாரிக்கிறான்.

மூணாவதுமாடி | வியாழன், இரவு 9:30

நிலவரம். ஞாயிறு காலையிலேயே காட்டினோம். காயம் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ரத்தம் உறையும் நேரம் பார்த்தார்கள், சரியாக இருந்தது.

நேற்றுதான் கூத்து. ஆபீஸிலிருந்து வந்தேன், மிளகு கதவுக்கு வரவில்லை. அறையில் சுருண்டு கிடந்தாள். கூப்பிட்டால் வாலை மட்டும் இரண்டு தட்டு தட்டினாள். "திடீரென்று சமத்தானால்" என்ற வரி மண்டையில் அடித்தது. ஆட்டோ பிடித்து ஓடினேன். அம்மாவும் கூட வந்தார், புடவை மாற்றாமல், வீட்டுச் செருப்போடு. டாக்டர் வெப்பம் பார்த்தார், 101.6. ஈறு பார்த்தார், ரத்தம் எடுத்தார், தட்டணுக்கள் சரியான அளவில் இருந்தன. "இன்னிக்கு என்ன பண்ணிச்சு?" என்று கேட்டார். அம்மா சொன்னார்: காலையில் 30 நிமிட நடை, சாக்கில் சாப்பாடு, மணல் டப்பில் அரை மணி நேரம், மதியம் அறையில் தூக்கம், மாலை மறுபடி ஒரு தேடல்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா. தூக்கத்துல இருந்திருக்கு, நீங்க எழுப்பிட்டீங்க."

1,150 ரூபாய் கட்டிவிட்டு வந்தோம்.

நாட்டுநாய்_நண்பன் | வியாழன், இரவு 9:55

முதல் பதிவில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். பெருச்சாளிப் பதிவைப் படித்தபின் மிளகு மேல் தனி மரியாதை.

மூணாவதுமாடி | வியாழன், இரவு 10:08

பரவாயில்லை அண்ணா, நீங்கள் சொன்னதில் பாதி உண்மைதான். வாங்குவதற்கு முன் இதையெல்லாம் கேட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

காலிங் பெல் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. கூரியர்காரர் வந்தால் வீடே அதிர்கிறது.

சிங்காநல்லூர் | வெள்ளி, காலை 6:40

உங்கள் பெல் சத்தத்தையே போனில் பதிவு செய்யுங்கள். காதுக்குக் கேட்டும் கேட்காத அளவில் ஒலிக்கவிட்டு, உடனே கதவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் பாயில் நாலு துண்டு டிரை ஃபுட் எறியுங்கள். ஒரு நாளைக்கு பத்து முறை. ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பெல் அடித்தால் பாய்க்கு ஓட வேண்டும் என்று ஆக வேண்டும். எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. முழுக்க நிற்காது, மூன்று குரைப்போடு நிற்கும். அந்த மூன்றை விட்டுக்கொடுங்கள், அது பாதிரியார் கொடுத்த சொத்து. இதே முறையில் தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே வெடிச் சத்தத்தையும் பழக்குங்கள்.

மூணாவதுமாடி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, பகல் 12:15

பெல்லுக்கு இப்போது ஏழு குரைப்பு. எதிர் வீட்டு மாமி முறுக்கு டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் ரவா லட்டு வைத்திருந்தார். கணுக்கால் கடி வாரத்துக்கு ஒன்று, அதுவும் நான் லேட்டாக வந்த நாளில்.

புதுச் செய்தி அம்மா. சாக்கு அவருக்குப் போரடித்துவிட்டதாம். பரணிலிருந்து பல்லாங்குழிப் பலகையை இறக்கினார். 14 குழியில் ஐந்தில் மட்டும் டிரை ஃபுட், ஒன்றில் அவித்த முட்டைத் துண்டு (நாங்கள் சைவம், முட்டை வரைக்கும் அனுமதி), மேலே பழைய துண்டைப் போர்த்துகிறார். மிளகு துண்டை உருவுவதற்கு முன்னால் மேலேயே மோந்து குழியை முடிவு செய்கிறாள். முட்டைக் குழி எது என்று தெரிந்துகொண்டு அதைக் கடைசிக்கு வைக்கிறாள். அம்மா தரையில் உட்கார்ந்து, "அங்க இல்லடி, பசு போயிடுச்சு, அடுத்த குழி" என்று அவளோடு சண்டை போடுகிறார். அண்ணன் வீட்டுக்குப் போகும் பேச்சு இந்தப் பக்கம் வரவே இல்லை.

ஒரே சிக்கல். பலகை அம்மாவுடைய அம்மாவின் சீதனம், பலா மரம். ஓரத்தில் இரண்டு பல் தடம் விழுந்துவிட்டது. மிளகுக்கென்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். மரத்தில், சாயம் பூசாதது. சென்னையில் எங்கே கிடைக்கும்?

பிளாக்_சி_செயலர் | ஞாயிறு, பகல் 12:40

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி உள்ள கடைகளில் பாருங்கள், கொலு சமயத்தில் நிறைய வரும். மீன் வடிவில் மடக்குகிற மாதிரி கிடைக்கும், அது வேண்டாம், கீலில் விரல் மாட்டும்.

வேப்பேரி_இறுதியாண்டு | ஞாயிறு, பகல் 1:05

சோழி மட்டும் அவள் பக்கம் விடாதீர்கள் அக்கா. போன மாதம்தான் ஒரு பக் (Pug) இன நாயிடமிருந்து நாலு எடுத்தோம்.